மோக்கா தாள்: பத்து நிமிடச் சோதனையின் பலமும் ஓட்டைகளும்

மோக்கா என்று சுருக்கி அழைக்கப்படும் மாண்ட்ரியல் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட், நினைவு, கவனம், மொழி போன்ற அறிவாற்றலை 30 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கும் ஒரே ஒரு தாள். ஒரு பென்சில், நொடி பார்க்க ஒரு கடிகாரம், சத்தமில்லாத அறை, பத்து நிமிடம். வேண்டியது இவ்வளவுதான். கனடாவின் நரம்பியல் மருத்துவர் ஜியாத் நஸ்ரெதீனும் குழுவினரும் 2005ல் இதை வெளியிட்டார்கள். அந்த முதல் ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களில் 90 சதவீதத்தினரை இந்தத் தாள் பிடித்தது. 1975லிருந்து எல்லா வார்டுகளிலும் ஓடிக்கொண்டிருந்த, இதே வேலைக்கான பழைய தாளான எம்எம்எஸ்ஈ சோதனை அதே ஆட்களில் பிடித்தது 18 சதவீதம்தான். இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம், கேள்விகளில் பெரும்பங்கு, வந்த செய்திகளைச் சேர்த்துப் பொருள் காணும் மூளையின் இணைப்புப் புறணியை நோக்கியே வீசப்படுவது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கட்டிலருகே முதல் தட்டு தட்டிப் பார்க்க இதைவிட நல்ல தாள் கிடைப்பது கடினம். ஆனால் "30க்கு 22" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுத் தாளைக் கோப்பில் செருகுபவர்கள், வாங்கிய தேங்காயின் சிரட்டையை மட்டும் எடை போட்டுப் பார்க்கிறார்கள். சரக்கு முழுவதும் தவறு செய்த விதத்தில் இருக்கிறது.

கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்தி நேராக வந்து இறங்கும் இடங்களும், தசைக்குக் கட்டளை கிளம்பும் இடமும் பெருமூளைப் புறணியில் சிறு பங்குதான். மீதியிருக்கும் பெரும்பரப்பு இணைப்புப் புறணி. கண்ட உருவம் என்ன பொருள், அதன் பெயர் என்ன, அது இடப்பக்கமா வலப்பக்கமா, அதை இப்போது எடுக்கலாமா, சற்றுப் பொறுக்க வேண்டுமா என்பதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது அதுதான். புறணியின் பெரும்பிரிவுகளை மடல்கள் என்பார்கள். நெற்றி மடலின் முன்பகுதி திட்டமிடும், மனத்தில் பிடித்துவைக்கும், அடக்கும். உச்சி, பொட்டு (காதோரம்), பிடரி மடல்கள் சந்திக்கும் பின்பகுதி இடத்தையும் பொருளையும் மொழியையும் கோக்கும். உட்புற ஓரத்தில் உள்ள லிம்பிக் பகுதி நினைவையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்ளும். இங்கே அடிபட்டால் கை விழாது, கால் மரக்காது, பார்வைப் பலகையின் கடைசி வரி வரை படிக்க முடியும். முழங்கால் சுத்தியலை மட்டும் நம்பிப் பரிசோதிப்பவர்களிடம் இந்த நோயாளிகள் "எல்லாம் நார்மல்" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தாளின் முதல் கேள்வி எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைப்பது: 1 முடிந்து முதல் எழுத்து, பிறகு 2, அப்புறம் இரண்டாவது எழுத்து. ஒரே ஒரு மதிப்பெண். தவறிய கோட்டை உடனே தானாகத் திருத்தாவிட்டால் பூஜ்யம். 1, 2, 3 என்று எண்களோடு மட்டும் ஓடிவிடுபவருக்கு விதி தெரியாமல் இல்லை. கேட்டால் சரியாகத் திருப்பிச் சொல்வார், ஆனால் கை அதன்படி போகாது. சொல்லும் செயலும் இப்படிப் பிரிவது நெற்றி மடல் முன்பகுதிச் சேதத்தின் கையெழுத்து.

கனசதுரத்தைப் பார்த்து வரைவது அடுத்தது. வலது உச்சி மடல் கெட்டவர் கோடுகளை நிறையப் போடுவார், ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று சேராது, இடப்புறம் திறந்தே கிடக்கும். இடது உச்சி மடல் கெட்டவர் மொத்த வடிவத்தைக் காப்பாற்றி உள்கோடுகளை விட்டுவிடுவார், பெட்டி வெறும் சதுரமாகிவிடும். இருவருக்கும் தாளில் விழுவது அதே பூஜ்யம். அதனால்தான் வரைந்த தாளைத் தூக்கிப் போடக்கூடாது.

இந்தத் தாளில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளச் சொன்னால் கடிகாரத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வட்டத்துக்கு 1, எண்களுக்கு 1, முட்களுக்கு 1. காட்ட வேண்டிய நேரம் 11 மணி 10 நிமிடம். இந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. முட்கள் வட்டத்தின் இரண்டு பாதியிலும் விழ வேண்டும், அதோடு 'பத்து' என்ற சொல் ஒரு பொறி. 10 நிமிடத்துக்குப் பெரிய முள் 2இல் நிற்க வேண்டும். நெற்றி மடல் அடக்கும் வேலையை விட்டுவிட்டால் சொல் கையை இழுத்துவிடும், முள் 10க்கே போகும். 11உம் 10உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, இரு முட்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும் கடிகாரத்தைப் பார்த்தால் சந்தேகம் முன்பக்கம் போகட்டும். 1 முதல் 12 வரை எல்லா எண்களும் வலது பாதியில் நெருக்கியடித்து நின்றால் வலது உச்சி மடல். 12, 3, 6, 9 ஆகியவற்றை முதலில் போடாமல் 1இல் தொடங்கி வரிசையாக வந்து, கடைசி நான்கு எண்களுக்கு இடமில்லாமல் தவித்தால் திட்டமிடல் குறை. முள்ளுக்குப் பதில் வட்டத்துக்குள் '11.10' என்று எழுதி வைப்பவரும் உண்டு. கடிகாரம் என்ற கருத்தே பொட்டு மடலில் கரைகிறதா என்று அப்போது யோசிக்க வேண்டும். செல்போன் பார்த்தே வளர்ந்த இளைஞர்களுக்கு முள் கடிகாரம் பழக்கமில்லாமலும் இருக்கலாம். தலைக்காய வார்டில் இருபது வயதுக்காரரிடம் இதைக் கேட்கும்போது அந்தச் சந்தேகத்துக்கும் இடம் கொடுங்கள்.

மூன்று விலங்குப் படங்கள்: சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். பெயர் வராவிட்டால் அங்கேயே நிற்காமல் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். "மூக்கில் கொம்பு இருக்கும், தோல் தடியாக இருக்கும், பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது" என்றால் பொருள் தெரிகிறது, சொல்தான் கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாமல் விழித்தவர், "பாலைவனத்தில் சுமை தூக்குமே, முதுகில் திமில் இருக்குமே" என்று வாயால் சொன்னதும் "ஒட்டகம்" என்றால், கோளாறு பார்வையிலிருந்து பொருளுக்குப் போகும் பாதையில், அதாவது பிடரியும் பொட்டும் சேரும் அடிப்பகுதியில். படம், விளக்கம் இரண்டுக்குமே பதில் இல்லை, ஒட்டகம் என்றால் என்ன என்றே தெரியவில்லை என்றால் பொட்டு மடலின் முன்முனையைப் பார்க்க வேண்டும். இந்த மூவருக்கும் தேவைப்படும் பயிற்சி வேறு வேறு.

கவனப் பகுதியில் 100லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதைத்தான் அதிகம் பேர் தவறாகத் திருத்துகிறார்கள். ஒவ்வொரு கழித்தலும் தனிக்கணக்கு. ஒருவர் 92, 85, 78, 71, 64 என்று சொன்னால் முதல் விடை மட்டுமே தவறு. மற்ற நான்கும் சரியாக ஏழு ஏழாக இறங்கியிருக்கின்றன. நான்கோ ஐந்தோ சரியென்றால் 3, இரண்டோ மூன்றோ சரியென்றால் 2, ஒன்று மட்டும் சரியென்றால் 1. நடுவில் நின்று "எவ்வளவு கழிக்கச் சொன்னீர்கள்?" என்று கேட்பவருக்குக் கணக்கு மறக்கவில்லை, மனத்தில் வைத்திருந்த 7தான் நழுவியது. கழிக்கும் முறையே குழம்புகிறது என்றால் இடது உச்சி மடலில் கோண மடிப்பு என்ற இடத்தைத் தேட வேண்டும். அப்போது கூடவே இன்னும் மூன்றைப் பாருங்கள்: "மோதிர விரலைக் காட்டுங்கள்", "இடக்கையால் வலக்காதைத் தொடுங்கள்", "ஒரு வரி எழுதுங்கள்". நான்கும் சேர்ந்து போவதை 1924ல் விரல் அறியாமையில் தொடங்கி விவரித்தவர் யோசஃப் கெர்ஸ்ட்மன். நான்கும் சுத்தமாக ஒன்றாக வருவது அபூர்வம், இரண்டு இருந்தாலே இடம் புரிந்துவிடும். மோக்காவில் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை.

நினைவுக்கு ஐந்து சொற்கள். அவை என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. 2018ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் 30க்கு 30 வாங்கினார் என்று வெள்ளை மாளிகை மருத்துவர் அறிவித்த பிறகு இந்தத் தாள் உலகம் முழுக்க ஊடகங்களில் சுற்றியது. மேலும் ஒருவர் கெடுக்க வேண்டாம். சொற்களை இருமுறை வாசித்து, இருமுறையும் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது. ஐந்து நிமிடம் போல மற்ற கேள்விகளில் கழிந்த பின் துணையில்லாமல் நினைவுக்கு வருபவற்றுக்கு மட்டுமே தலா ஒன்று. அவசரக்காரர்கள் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். வராத சொல்லுக்கு முதலில் அது எந்த வகை என்ற குறிப்பைக் கொடுங்கள், அப்போதும் வராவிட்டால் மூன்று சொற்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண்ணில் இது சேராது என்றாலும், துணையின்றி வந்ததற்கு 3, வகைக் குறிப்பில் வந்ததற்கு 2, தேர்வில் வந்ததற்கு 1 என்று 15க்குத் தனி நினைவுக் குறியீடு போடலாம். குறிப்பு கொடுத்ததும் சொற்கள் கொட்டினால் சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தரும் நெற்றி மடல் பாதைதான் சோம்பல். குறிப்பு கொடுத்தும் பயனில்லை என்றால் சரக்கு உள்ளேயே போகவில்லை. பொட்டு மடலின் உட்புறத்தில் தேட வேண்டும். பொதுப்பண்பு கேள்வியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ரயிலும் சைக்கிளும் என்றால் "போக்குவரத்து" என்ற பதிலுக்கு 1, "ரெண்டுக்கும் சக்கரம் இருக்கு" என்றால் பூஜ்யம்.

தமிழில் நடத்தும்போது வரும் தொல்லைகள் தனி. தமிழ் வடிவம் கிடைக்கிறது, ஆங்கிலத் தாளை நின்ற இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடலாம். ஆங்கில மூலத்தில் ஒரு நிமிடத்தில் எஃப் எழுத்தில் 11 சொற்கள் கேட்கிறார்கள், தமிழில் அந்த ஒலியில் தொடங்கும் சொந்தச் சொல்லே கிடையாது. வேறு எழுத்து கொடுத்தாலும், 'க' என்றால் 'கா', 'கி' சேருமா என்று நோயாளி கேட்பார். தாளோடு வரும் குறிப்பில் உள்ளபடி முதலிலேயே சொல்லிவிடுங்கள், நிமிடம் ஓடும்போது விளக்கினால் பத்து நொடி போய்விடும். 

வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதில் இன்னொரு சிக்கல். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. "நேற்று அவன் வந்தான்" என்பதை "அவன் நேத்து வந்தான்" என்பார் பெரியவர். எழுத்துத் தமிழைக் காதில் வாங்கிப் பேச்சுத் தமிழில் விடுவது மூளைக்கோளாறு அல்ல. சோதனையோ ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்கிறது. விதிப்படி மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதி வையுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது, புரிந்துகொண்டு சரளமாகப் பேசுபவர் திருப்பிச் சொல்லும்போது மட்டும் ஒலிகளை மாற்றி, தானே தவறென்று உணர்ந்து மறுபடி மறுபடி முயல்வதுதான். இடது பக்கத்தில் கேட்கும் மொழிப்பகுதியையும் பேசும் பகுதியையும் கட்டும் பாதையில் அடிபட்டிருக்கும். தேதி கேட்டால் "ஆடி பன்னிரண்டு" என்று பஞ்சாங்கக் கணக்கில் பதில் வருவதும் உண்டு. அவருக்குக் காலம் தவறவில்லை. ஆங்கிலத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டைகளுக்கு வரலாம்.

பெரிய ஓட்டை, கண்குழிக்கு மேலே உள்ள நெற்றி மடலின் அடிப்பகுதி. எஸ்லிங்கரும் டமாசியோவும் 1985ல் விவரித்த ஈவிஆர் என்ற நோயாளிக்கு அந்தப் பகுதியில் கட்டி எடுக்கப்பட்டது. நுண்ணறிவுச் சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண். வாழ்க்கையோ தவறான முடிவுகளால் தவிடுபொடியானது. இப்படிப்பட்டவர் மோக்காவில் 29 வாங்கிவிட்டு, வெளியே போய் முன்பின் தெரியாதவரிடம் சேமிப்பைக் கொடுத்துவிடுவார். இந்த வகைக்கு எல்லோரும் சொல்லும் ஃபினியஸ் கேஜ் கதை, 1848ல் அமெரிக்காவின் வெர்மான்டில் இரும்புக் கம்பி தலையைத் துளைத்துச் சென்றது, சற்று மிகையாகவே சொல்லப்படுகிறது. அவர் பின்னால் சிலி நாட்டில் பல ஆண்டு குதிரை வண்டி ஓட்டினார். தாளால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. நோயாளி இல்லாத இடத்தில் வீட்டாரிடம் கேட்க வேண்டும்: பணம் எப்படிச் செலவாகிறது, பிறர் முன் கூச்சம் இருக்கிறதா, இரக்கம் குறைந்ததா, இனிப்பைக் கண்டால் நிறுத்த முடிகிறதா. நெற்றி மடலின் மற்ற பகுதிகளுக்கு டுபுவா குழு 2000ல் வெளியிட்ட எஃப்ஏபி சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஆறு பகுதி, 18 மதிப்பெண். அதில் முஷ்டி, கையின் ஓரம், உள்ளங்கை என்ற மூன்று அசைவு வரிசையைத் தனியாகத் தொடர்ந்து ஆறு முறை சரியாகச் செய்தால் முழு 3. "நான் ஒருமுறை தட்டினால் நீங்களும் ஒருமுறை, நான் இருமுறை தட்டினால் தட்டாதீர்கள்" என்ற பகுதியில் கை தானாக எழுவதைப் பார்த்தாலே அடக்கம் போய்விட்டது தெரியும்.

இரண்டாவது, இடப்பக்கப் புறக்கணிப்பு. கடிகாரமும் கனசதுரமும் சாடை காட்டும், ஆனால் லேசானதைத் தவறவிடும். ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 20 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு, நோயாளியின் மார்புக்கு நேராக. நடுவில் குறியிடச் சொல்லுங்கள். ஐந்து தாள்களில் செய்து சராசரி எடுத்தால் நல்லது. வலது உச்சி மடல் சேதத்தில் குறி வலப்புறம் ஒதுங்கும். வெறும் இடப்பக்கப் பார்வையிழப்பு என்றால் குறி பெரும்பாலும் சற்று இடப்புறம் போகும், அவர் தலையைத் திருப்பியும் தேடுவார். புறக்கணிப்பு உள்ளவர் தேடவே மாட்டார், அவரைப் பொறுத்தவரை அங்கே எதுவுமில்லை. தட்டைத் திருப்பி வைத்தால்தான் மீதிச் சோறு அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, செய்கை. கை நன்றாக அசையும், சொன்னதும் புரியும், ஆனால் "பல் துலக்குவது போல் காட்டுங்கள்" என்றால் விரலையே பிரஷாக்கிப் பல்லில் தேய்ப்பார். சீப்பு, சாவி, சுத்தியல் என்று மூன்று நான்கு செய்கை கேட்டால் போதும். சேதம் இடது உச்சி மடலில் என்றாலும் இரு கையிலும் வெளிப்படும். வலக்கை விழுந்திருந்தால் இடக்கையில் பாருங்கள். மோக்காவில் இதற்கு ஒரு கேள்வியும் இல்லை. முகம் அறியும் திறனுக்கும் அப்படியே. மனைவி வாய் திறந்து பேசினால்தான் அவர் யாரென்று தெரிகிறவர், மூன்று விலங்கையும் சரியாகச் சொல்லிவிடக் கூடும்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றும். பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி கெட்டவருக்குக் கேள்வியே எட்டாது, 30க்கு 6 வரும். அதை மறதிநோய் என்று எழுதினால் பெரும் அநியாயம். மொழிக்கோளாறு இருந்தால் இந்தத் தாளை எடுக்காமல் பேச்சுப் பயிற்சியாளரை அழையுங்கள். நினைவு நன்றாக இருந்து கனசதுரம், கடிகாரம், எழுத்திணைப்பு மட்டும் சரிந்து, "கண்ணாடி மூன்று தடவை மாத்தியும் சரியாகலை" என்று சொல்பவரிடம் ஒரு நெரிசலான சந்தைப் படத்தைக் காட்டிப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டுமே சொன்னால் கோளாறு கண்ணில் அல்ல, இருபுறமும் உச்சியும் பிடரியும் சேரும் இடத்தில். 1909ல் பாலிண்ட் விவரித்தது இதைத்தான்.

வெட்டு மதிப்பெண், அதாவது அதற்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டிய எல்லை, 26 என்பது 2005ன் கணக்கு. 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 23 பொருத்தம் என்றார்கள். 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு 1 கூட்டிக்கொள்ளச் சொல்கிறது தாள். ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போன பாட்டிக்கு அந்த ஒரு மதிப்பெண் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கனசதுரம் வரையாதது அவர் மூளையின் குற்றமல்ல, பென்சில் பிடித்தே அறுபது வருடம் ஆகியிருக்கும். அவர்களுக்காகவே மோக்கா பேசிக் என்ற தனி வடிவம் இருக்கிறது. பார்வை இழந்தவர்களுக்கும் தனி வடிவம் உண்டு.

பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2019ல் அறிவித்தார்கள், அதற்குக் கட்டணமும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இது முணுமுணுப்பைக் கிளப்பத்தான் செய்யும். ஆனால் ஏழு கழித்தலுக்கு மதிப்பெண் போடத் தெரியாமல் நோயாளிக்கு முத்திரை குத்துபவர்களை நினைத்தால், பயிற்சியை வற்புறுத்துவதில் தவறு தெரியவில்லை.

தாளை எடுக்கும் முன் கண்ணாடி, காதுக் கருவி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காய்ச்சலிலோ திடீர் மனக்குழப்பத்திலோ இருப்பவரிடம் நடத்தாதீர்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு இவையும் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். சில மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கும்போது அதே தாளைக் கொடுத்தால் பழக்கத்தில் இரண்டு மதிப்பெண் ஏறிவிடலாம், 8.1 என்ற வடிவத்தைக் கொடுத்திருந்தால் அடுத்ததற்கு மாற்று வடிவமான 8.2 அல்லது 8.3 எடுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து, முதலில் இரண்டு கடிகாரங்களையும் பாருங்கள்.